தோசைக்கல்லும் கட்டைத் துடைப்பமும்

பென்னலூர்ப் பக்கம், பெங்களூரு நெடுஞ்சாலையோரச் சின்ன ஓட்டல்களில் என் கண் முதலில் போவது தோசைக்கல்லுக்கு. மாஸ்டர் ஒரு கை தண்ணீர் தெளிக்கிறார். ‘சொய்ங்’ என்று ஆவி எழுகிறது. கட்டைத் துடைப்பத்தால் ஒரே இழுப்பு. பழைய பிசுக்கும் போச்சு, கல்லின் சூடும் பதத்துக்கு இறங்கியாச்சு. அதிகம் காய்ந்த கல்லில் மாவு பரவாது, கரண்டியோடு சுருண்டு வந்துவிடும். நடுவில் ஊற்றிய மாவு கிண்ணத்தின் அடியில் வட்டவட்டமாக விரிகிறது. அந்த வரிகளில்தான் எண்ணெய் தங்கி முறுகும். ஒரகடம் கம்பெனி பஸ் வந்துவிடும் என்று ஷிப்ட் பையன்கள் பறக்கிறார்கள். ஓரம் தானாகக் கல்லைவிட்டுக் கிளம்பும்வரை மாஸ்டர் தோசைத்திருப்பியைத் தொடுவதாக இல்லை. சாம்பார் சுமார்தான், காரச் சட்னி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.