பழைய ப்ராசஸர்: வேகம் கூட்டுவதா, மாற்றுவதா? கல்பாக்கம் கடலோரத்துக்கான கணக்கு

ப்ராசஸரைத் தயாரிப்பாளர் குறித்த வேகத்துக்கு மேல் ஓட வைப்பதை ஓவர்கிளாக்கிங் என்கிறார்கள். ஒவ்வொரு சில்லும் வெப்பத்திலும் மின்னழுத்தத்திலும் தடுமாறாமல் ஓட, தயாரிப்பாளர் சிறிது இடைவெளி விட்டுத்தான் அதன் வேகத்தை நிர்ணயிக்கிறார். ஓவர்கிளாக்கிங் அந்த இடைவெளியை எடுத்துச் செலவழிக்கிறது. அது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது சில்லை மட்டும் பொறுத்ததன்று. கணினி இருக்கும் அறையையும் ஊரின் காற்றையும் பொறுத்தது. கல்பாக்கம், புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் வரையிலான கடலோரத்தில் வெக்கையும் உப்புக்காற்றும் அந்த இடைவெளியில் ஒரு பங்கை முன்கூட்டியே எடுத்துக்கொண்டுவிடுகின்றன. அதனால், குளிர்நாட்டில் எழுதப்பட்ட ஓவர்கிளாக்கிங் வழிகாட்டிகளை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது.

இந்த விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்ட சில்லு இன்டெல் கோர் ஐ5-2500கே. 2011 ஜனவரியில் வந்தது. 32 நானோமீட்டர் தொழில்நுட்பம், 4 கோர், 4 த்ரெட், அடிப்படை வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ், உச்ச டர்போ 3.7 கிகாஹெர்ட்ஸ், வெப்ப அளவு 95 வாட். ஓவர்கிளாக்கிங் செய்வோரிடம் பெரும் பெயர் வாங்கிய இந்தச் சில்லு, இன்றும் பல வீடுகளில் ஓடுகிறது.

முதலில்: தாமதம் ப்ராசஸராலா?

கணினி மெதுவாக இருந்தால் முதல் சந்தேகம் ப்ராசஸர் மேல் விழுகிறது. பல வேளைகளில் காரணம் வேறு. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, வழக்கமான வேலையைச் செய்தபடி கவனித்தால் விடை தெரியும். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று ப்ராசஸர் 20 சதவீதத்தில் இருந்தால், பழைய ஹார்டு டிஸ்க்தான் இழுக்கிறது. அதற்கு சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றே போதும். ரேம் நிரம்பி வழிந்தால் கூடுதல் டிடிஆர்3 ரேம் உதவும்; பழைய சந்தையில் அது கிடைக்கிறது.

ப்ராசஸர் 100 சதவீதத்தில் இருந்தும் வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே விழுந்துகொண்டிருந்தால், அது சூட்டால் தன்னைத்தானே மட்டுப்படுத்துகிறது. ஹெச்.டபிள்யூ.இன்ஃபோ, கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள்கள் இதைக் காட்டும். ஹீட் சிங்க்கில் அடைத்த தூசியை அகற்றி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினால், இழந்த வேகம் திரும்பிவிடும். இவற்றையெல்லாம் செய்தபிறகும் வீடியோ ரெண்டரிங்கிலோ, ஆட்டோகேடிலோ, நிரல் தொகுப்பிலோ ப்ராசஸர்தான் திணறுகிறது என்றால் மட்டுமே ஓவர்கிளாக்கிங்கா, மாற்றமா என்ற கேள்விக்கு இடமுண்டு.

எந்தக் கணினியில் முடியும்?

இன்டெல்லில் பொதுவாகப் பெயரின் கடைசியில் ‘கே’ எழுத்துள்ள சில்லுகளில்தான், வேகத்தை நிர்ணயிக்கும் எண்ணான பெருக்கியை முழுமையாக மாற்ற முடியும். அதற்கு மதர்போர்டும் ஒத்துழைக்க வேண்டும். 2500கே-வுக்கு பி67, இசட்68, இசட்77 போன்ற சிப்செட் உள்ள போர்டு தேவை. அந்தக் காலத்தில் நம்மூர்க் கடைகளில் அசெம்பிள் செய்த கணினிகளில் பெரும்பாலும் இருப்பது விலை குறைந்த எச்61 போர்டு. அதில் ‘கே’ சில்லையே பொருத்தினாலும் ஓவர்கிளாக்கிங் கிடையாது. சிபியூ-இசட் மென்பொருளைத் திறந்தால் சில்லின் பெயரும் போர்டின் பெயரும் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஏஎம்டி ரைசனில் நிலைமை மாறானது. அதன் டெஸ்க்டாப் சில்லுகள் ஏறக்குறைய அனைத்தும் பூட்டப்படாதவை. பி350, பி450 போர்டுகளில் வேகம் கூட்டலாம், ஏ320 போர்டில் முடியாது. மடிக்கணினிகளை, தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் உட்பட, இந்தக் கணக்கிலிருந்து விட்டுவிடலாம். அவற்றின் சில்லுகள் பெரும்பாலும் பூட்டப்பட்டவை. குளிர்விப்புக்கும் கூடுதல் இடமில்லை.

வெக்கையின் கணக்கு

ப்ராசஸர் எரிக்கும் மின்சாரம் வேகத்துக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. ஓவர்கிளாக்கிங்கின் விலையை நிர்ணயிப்பது இந்த விதிதான். 2500கே-வை 3.3-லிருந்து 4.4 கிகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தி, மின்னழுத்தத்தை 1.2-லிருந்து 1.35 வோல்ட் ஆக்கினால், வேகம் 1.33 மடங்கு, மின்னழுத்தத்தின் வர்க்கம் 1.27 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 1.69 வருகிறது. 95 வாட் ஏறக்குறைய 160 வாட் ஆகிறது.

நடுத்தரமான டவர் கூலர் ஒன்று, வாட்டுக்கு 0.35 டிகிரி வீதம் சில்லின் சூட்டை ஏறவிடுகிறது என்று கொள்வோம். 95 வாட்டுக்கு 33 டிகிரி ஏறும். 160 வாட்டுக்கு 56 டிகிரி ஏறும். இந்த ஏற்றம் கேபினட்டுக்குள் இருக்கும் காற்றின் சூட்டுக்கு மேல் கூட்ட வேண்டியது. ஏசி அறையில் 24 டிகிரி, கேபினட்டுக்குள் 5 டிகிரி கூடுதல் என்றால், 4.4 கிகாஹெர்ட்ஸில் சில்லு 85 டிகிரியைத் தொடும். கத்திரி வெயிலில் மின்விசிறி மட்டும் சுழலும் 35 டிகிரி அறையில் அதே சில்லு 96 டிகிரிக்குப் போகும். 2500கே-வின் உச்ச வரம்பு 98 டிகிரி. அதைத் தொட்டதும் சில்லு தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டிசம்பரில் ஏற்றிவைத்த வேகம் மே மாதப் பிற்பகலில் கையில் நிற்காது.

மின்னழுத்தத்தைத் தொடாமல் 4.0 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டும் உயர்த்தினால் கணக்கு மாறுகிறது. மின்சாரம் சுமார் 115 வாட். ஏற்றம் 40 டிகிரி. அதே 35 டிகிரி அறையில் சில்லு 80 டிகிரியில் நிற்கும். கடலோரத்தில் பாதுகாப்பாக எட்டக்கூடிய இலக்கு இதுதான்.

கல்பாக்கத்திலேயே இதற்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் எஃப்.பி.டி.ஆர். சோதனை ஈனுலை 1985-இல் முதன்முதலில் இயங்கியபோது சிறிய எரிபொருள் கருவுடன் சுமார் 10.5 மெகாவாட் வெப்பத் திறனுக்கே திட்டமிடப்பட்டிருந்தது. 2022-இல் 40 மெகாவாட்டை எட்டியது. உலையும் அதன் குளிர்விப்பும் தொடக்கத்திலேயே 40 மெகாவாட்டுக்கு வடிவமைக்கப்பட்டிருந்ததால் அது முடிந்தது. வெப்பத்தை வெளியேற்றும் வழி முதலில், திறன் ஏற்றம் பிறகு. மேசைக் கணினிக்கும் வரிசை இதுவே.

உப்பும் ஈரமும்

சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலோரக் காலைகளில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது வழக்கம். கேபினட்டுக்குள் படியும் தூசியில் உப்பும் கலந்திருப்பதால், ஈரமான நாட்களில் அந்தப் படிவம் மின்சாரத்தைக் கடத்தும் மெல்லிய பூச்சாக மாறுகிறது. செம்பையும் அலுமினியத்தையும் அரிக்கிறது. ரேமைக் கழற்றி, அதன் தங்கப் பூச்சுள்ள முனைகளை ரப்பரால் தேய்த்துப் போட்டதும் கணினி உயிர் பெறுவதற்குக் காரணம், அந்த முனைகளில் படிந்த மெல்லிய படலம் நீங்குவதுதான்.

ஓவர்கிளாக்கிங் இதை இரண்டு வகையில் மோசமாக்குகிறது. கூடுதல் வெப்பத்தை வெளியேற்ற ஃபேன்கள் வேகமாகச் சுழன்று அதிகக் காற்றை, அதாவது அதிக உப்பை, உள்ளே இழுக்கின்றன. மதர்போர்டில் ப்ராசஸருக்கு மின்சாரம் தரும் பகுதியும் சூடாகிறது. எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் நடைமுறை விதி. பத்தாண்டு தாண்டிய போர்டில் சில்லுக்கு முன் போர்டு போய்விட வாய்ப்பு அதிகம். 2500கே-வின் சாக்கெட்டான எல்ஜிஏ1155-இல், ஓவர்கிளாக்கிங்குக்கு ஏற்ற போர்டு புதிதாகக் கிடைப்பது அரிது.

சில்லும் தேயும். கூடுதல் மின்னழுத்தம் அதன் உள்கம்பிகளிலும் டிரான்சிஸ்டர்களிலும் மெல்ல மெல்ல நிரந்தர மாற்றத்தை உண்டாக்குகிறது. 2024-இல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சில்லுகள் நிலைகுலைந்தபோது, தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தமே காரணம் என்று அந்நிறுவனமே அறிவித்தது. மைக்ரோகோட் திருத்தமும் இரண்டாண்டுக் கூடுதல் உத்தரவாதமும் தந்தது.

செய்வதானால் செய்யும் முறை

சில்லும் போர்டும் பொருந்தியிருந்தால் வரிசை இது. முதலில் சுத்தம், புதிய தெர்மல் பேஸ்ட், டவர் கூலர், கேபினட்டுக்குப் பின்பக்கம் ஒரு வெளியேற்று ஃபேன். பிறகு பயாஸில் பெருக்கியை மட்டும் ஒவ்வொரு படியாக ஏற்ற வேண்டும். மின்னழுத்தம் ‘ஆட்டோ’வில் இருந்தால் போர்டு தானாகவே அதிகம் கொடுத்துவிடும் என்பதால், அதை இயல்பு அளவில் நிலைநிறுத்த வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஓசிசிடி அல்லது பிரைம்95-ஐ ஓடவிட்டுச் சூட்டைப் பார்க்க வேண்டும். சோதனையை வெயில் காலப் பிற்பகலில் செய்ய வேண்டும். இரவில் தேறிய அமைப்பை நம்பக்கூடாது. சில்லு 85 டிகிரியைத் தாண்டினால் ஒரு படி இறங்குவது நல்லது.

கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்.-ஐயும் பார்க்க வேண்டும். கேபினட்டுடன் இலவசமாக வந்த பழைய எஸ்.எம்.பி.எஸ். கூடுதல் 65 வாட்டைத் தாங்கும் என்ற உறுதி இல்லை. மின்கட்டணம் பெரிய சுமையாகாது: 65 வாட் கூடுதலாக நாளுக்கு 4 மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால் இரண்டு மாதத்துக்கு சுமார் 16 யூனிட். ஆனால் யூ.பி.எஸ். தாங்கும் நேரம் குறையும்.

மாற்றினால் என்ன கிடைக்கும்?

மாற்றுவதில் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அதே போர்டில் அதே சாக்கெட்டின் உயர்ந்த சில்லு. எச்61 போர்டில் ஐ3 வைத்திருப்பவர் சென்னை ரிச்சி தெருவின் பழைய சந்தையில் ஐ7-2600 அல்லது ஐ7-3770 வாங்கிப் பொருத்தினால் 4 கோரும் 8 த்ரெட்டும் கிடைக்கும். ஐ7-3770-க்கு வெப்ப அளவு 77 வாட்தான். பயாஸ் புதுப்பிப்பை முதலில் முடிக்க வேண்டும். ஓவர்கிளாக்கிங்கைவிட இது எளிது, குளுமையானது.

இரண்டாவது, ரைசனுக்கான ஏஎம்4 சாக்கெட் போர்டு வைத்திருப்போருக்கானது. 2017-இல் வந்த ரைசன் 5 1600-ஐக் கழற்றி, 2022-இல் வந்த ரைசன் 5 5600-ஐ வைத்தால் அதே 6 கோர், அதே 65 வாட். ஆனால் ஒவ்வொரு கோரும் மிக வேகமானது. ரேம், போர்டு, கூலர் எதையும் மாற்ற வேண்டியதில்லை. பயாஸைப் புதுப்பித்தால் போதும். 2025 இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கும் நிலையில், கையிலுள்ள டிடிஆர்4 ரேமை வைத்துக்கொள்ள முடிவது பெரும் சேமிப்பு. இவர்களுக்கு ஓவர்கிளாக்கிங் தேவையே இல்லை.

மூன்றாவது, போர்டும் ரேமும் சேர்த்து மாற்றுவது. 2022-இல் வந்த கோர் ஐ3-12100 நான்கு கோர் சில்லுதான்; ஆனால் 8 த்ரெட், 4.3 கிகாஹெர்ட்ஸ் டர்போ, அடிப்படை 60 வாட், உச்சம் 89 வாட். ஒற்றைக் கோர் வேலையில் இது 2500கே-வைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். 2500கே-வை 3.7 டர்போவிலிருந்து 4.4-க்கு ஏற்றினால் அதே வேலையில் கிடைப்பது 19 சதவீதம் மட்டுமே. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாதவர்கள் ‘எஃப்’ எழுத்துள்ள 12100எஃப்-ஐ வாங்கக்கூடாது. அதில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லாததால் திரையில் படமே வராது.

வேகத்தைக் கூட்டித் தர முடியாதவையும் சில உண்டு. 2500கே-வில் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் இல்லை. அவை 2013-இல்தான் வந்தன. சில புதிய மென்பொருள்கள் அவை இல்லாமல் ஓட மறுக்கின்றன. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது இன்டெல்லின் 8-ஆம் தலைமுறை அல்லது ரைசன் 2000 வரிசை முதல். எழுத்து, இணையம், படிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் பயன்படும் பழைய கணினியில் உபுண்டு, அல்லது அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் நிறுவினால் பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து கிடைக்கும்.

தீர்ப்பு

இணையம், எழுத்து வேலைக்கான கணினி என்றால் எஸ்.எஸ்.டி.யும் சுத்தமும் போதும். எச்61 போர்டு என்றால் பழைய சந்தை ஐ7. ஏஎம்4 போர்டு என்றால் ரைசன் 5 5600. ‘கே’ சில்லும் ஏற்ற போர்டும் இருந்து, ஓராண்டு தள்ள வேண்டிய கட்டாயம் இருந்தால், மின்னழுத்தத்தைக் கூட்டாமல் 4.0 கிகாஹெர்ட்ஸ் வரை ஏற்றிக்கொள்ளலாம். அதற்கு மேல் போவதற்காகப் பெரிய கூலர், புதிய எஸ்.எம்.பி.எஸ். என்று செலவழிப்பது, பதினைந்து ஆண்டுப் பழைய போர்டில் பணத்தைப் புதைப்பது. ரெண்டரிங்கும் வடிவமைப்பும் பிழைப்பாக இருப்பவர்கள் அந்தப் பணத்தை முதல் நாளிலிருந்தே புதிய சில்லுக்கு ஒதுக்கட்டும். எதை வாங்கினாலும், கடலோரத்தில் கேபினட்டை ஜன்னலை விட்டுத் தள்ளி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து தூசி தட்டுங்கள்.