கௌபாய் படமும் சிந்தாமணியும்

ஜெய்சங்கர் நடித்த 'கங்கா' (1972) படத்தை வந்தவாசிப் பக்கத்து டென்ட் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தவன் நான். இயக்கியவர், ஒளிப்பதிவில் பேர்போன கர்ணன். அப்பனுக்காகப் பழிவாங்கும் மகன், குதிரை, துப்பாக்கி, கதை அவ்வளவுதான். ஆனால் குதிரை ஓடினால் கேமராவும் கூடவே ஓடும். காசு குறைந்த படம் என்று அவரை ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது.

இந்த அச்சு அமெரிக்காவில் வார்த்தது. பேசும்படம் வந்த புதிதில், 1933 முதல் 1935 வரை, லோன் ஸ்டார் கம்பெனி ஜான் வேய்னை வைத்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவான படங்களாக எடுத்துத் தள்ளியது. 'வெஸ்ட் ஆஃப் தி டிவைட்' (1934) அதில் ஒன்று. தகப்பனைக் கொன்றவனைத் தேடும் மகன், செத்துப்போன குற்றவாளி ஒருவன் பெயரில் கொள்ளைக் கூட்டத்துக்குள் நுழைகிறான். வில்லன் ஒழிந்தால் படமும் ஒழிந்தது. மறுநாள் காலையில் என்ன ஆச்சு? அதைக் கேட்பாரில்லை.

அன்பர்களே, நம் சீவக சிந்தாமணியும் இதே கதைதானே! அமைச்சன் கட்டியங்காரன் அரசன் சச்சந்தனைக் கொல்கிறான். சுடுகாட்டில் பிறந்த சீவகன், கந்துக்கடன் என்னும் வணிகர் வீட்டில் வளர்ந்து பழி தீர்க்கிறான். ஆனால் அது பத்தாவது இலம்பகம். திருத்தக்கதேவர் அதற்குப் பிறகும் மூன்று இலம்பகம் பாடுகிறார். கடைசியான முத்தி இலம்பகத்தில் ஒரு கடுவன் தன் மந்திக்குப் பலாப்பழம் கொடுக்கிறது. காவற்காரன் விரட்டிவிட்டு அதைப் பிடுங்கிக்கொள்கிறான். பார்த்துக்கொண்டிருந்த சீவகனுக்குத் தோன்றுவது: பழத்தை இழந்த குரங்கு கட்டியங்காரன், பிடுங்கியவன் நான். அதோடு துறவு.

பழிவாங்கியவன் தன்னையே பறித்தவனாகக் காணும் இந்த இடம், நான் பார்த்த கௌபாய் படம் எதிலும் இல்லை. இதற்கு என்ன பெரிய செலவு? ஒரு குரங்கு, ஒரு பலாப்பழம்.

அத்திபெலேயில் நான் கடை வைத்த புதிதில் கூட்டாளி ஒருவர் முதலைச் சுருட்டிக்கொண்டு போனார். இரண்டு வருஷம் ராத்திரியெல்லாம் என் மனசுக்குள் கர்ணன் படம்தான். துப்பாக்கி என் கையில். ஒருநாள் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். இளைத்திருந்தார், கையைப் பிடித்தபடி ஒரு சின்னப் பெண். கூப்பிடவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அன்றைக்கு ராத்திரிதான், பாட்டனார் வாயால் கேட்டதோடு விட்டிருந்த முத்தி இலம்பகத்தை நானே எடுத்துப் படித்தேன்.

பணம் வரவில்லை. டிவியில் கர்ணன் படம் போட்டால் இன்றும் உட்கார்ந்துவிடுவேன், குதிரைக்காக.