கேள் என்னும் ஒரு சொல்: சவுல் கதையை முன்வைத்து

எங்க ஆச்சி பேரப்பிள்ளைகளைத் திட்டுவதற்கு இரண்டே வாக்கியம் வைத்திருந்தாள். "சொல் பேச்சு கேக்குறானா பாரு" என்பது ஒன்று. "ஒரு வார்த்தை கேக்காம எடுத்துட்டான்" என்பது மற்றொன்று. முன்னதில் கேட்பது பணிதல்; பின்னதில் அனுமதி கோருதல். காதால் கேட்பதும், ஐயம் கேட்பதும், கணக்குக் கேட்பதும் தமிழில் ஒரே வினைதான். திருக்குறளின் 42ஆம் அதிகாரமான 'கேள்வி' செவிவழி பெறும் அறிவைச் சொல்கிறது; இன்று அதே சொல்லுக்கு வினா என்று பொருள். இறைவனுக்குக் கீழ்ப்படிதல் என்று கிறித்தவர்கள் பேசுவதை இந்தச் சொல்லைக் கொண்டு பார்த்தால் என்ன என்பதே இக்கட்டுரை. நான் எடுத்துக்கொள்வது சாமுவேல் முதல் நூலின் 15ஆம் அதிகாரம்.

கதை அறியாத அன்பர்களுக்காக ஒரு சுருக்கம். சவுல், இஸ்ரவேலரின் முதல் அரசன். அமலேக்கியரை அடியோடு அழிக்க வேண்டும், அவர்களுடைய ஆடுமாடுகளையும் விட்டுவைக்கக் கூடாது என்று இறைவாக்கினர் சாமுவேல் வழியாக அவனுக்குக் கட்டளை வருகிறது. சவுல் வெல்கிறான். ஆனால் மன்னன் ஆகாகையும் தரமான கால்நடைகளையும் தப்பவிடுகிறான். சாமுவேல் வந்ததும், சொன்னபடி செய்துவிட்டேன் என்கிறான். அப்படியானால் என் காதில் விழும் இந்த ஆட்டுச் சத்தம் என்ன என்று கேட்கிறார் பெரியவர். பலியிடத்தான் ஜனங்கள் வைத்தார்கள் என்று சமாளிக்கிறான் அரசன். பலியைவிடக் கீழ்ப்படிதல் மேலானது என்ற புகழ்பெற்ற கருத்து வருவது இந்த இடத்தில்தான்.

எபிரேய மூலத்தில் இந்த அதிகாரம் முழுவதும் இரண்டு சொற்கள் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. ஒன்று 'ஷாமா', அதாவது கேள். மற்றொன்று 'கோல்', அதாவது குரல். இறைவனின் குரல், ஆடுகளின் குரல், ஜனங்களின் குரல் மூன்றுக்கும் அதே 'கோல்'தான். சவுலின் குற்றம் காது கேளாமை அன்று. எந்தக் குரலைக் கேட்பது என்பதில்தான் அவன் தவறினான்.

ஹென்றி பவர் முன்னின்று உருவாக்கி 1871இல் வெளிவந்த தமிழ் மொழிபெயர்ப்பு இந்த 'ஷாமா'வை 19, 20, 24ஆம் வசனங்களில் கேள் என்றே தருகிறது. புகழ்பெற்ற 22ஆம் வசனத்தில் மட்டும் அது கீழ்ப்படிதல் ஆகிவிடுகிறது. பிழை என்று சொல்லமாட்டேன். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லிலும் 'கீழ்' என்னும் முன்னொட்டு உண்டு. எனினும் அதன் வேர் கேட்டல்தான். எபிரேயத்திலோ அந்தக் 'கீழ்' இல்லவே இல்லை. நம் காதில் கேட்டல் தேய்ந்து, கீழ் மட்டும் தங்கிவிட்டது என்பதே என் குறை.

இதை நான் அகராதியில் கற்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், வடநாட்டு நகரம் ஒன்றில், வாடகைக் கூடத்தில் நம்மவர்கள் கூடிய ஜெபக் கூட்டம். கட்டட நிதிக்கு வளையலைக் கழற்றிக் கொடுத்திருந்த ஒரு அக்கா எழுந்து, "அந்தக் கணக்கைக் கொஞ்சம் சொல்லுங்கய்யா" என்று கேட்டார். வந்த பதில், சாமுவேல் புத்தகத்தின் இதே வசனம். கேட்காதே, கீழ்ப்படி என்று அர்த்தம். அக்கா உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்த நானும் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அதிகாரத்தை மறுபடி வாசித்தபோதுதான் உறைத்தது. அந்தக் கதையில் கணக்குக் கேட்பவர் யார்? சாமுவேல். பதில் சொல்ல வேண்டியவன் யார்? அதிகாரத்தில் இருப்பவன். வசனத்தை எடுத்து வீசியவர் தம்மைச் சாமுவேலாக நினைத்துக்கொண்டார்; உண்மையில் சாமுவேலின் இடத்தில் நின்றவர் அந்த அக்காதான். மூன்று அதிகாரம் முன்னால் போனால், 12ஆம் அதிகாரத்தில் இதே சாமுவேல் ஜனங்கள் முன் நின்று, யாருடைய எருதையாவது எடுத்துக்கொண்டேனா, யாரையாவது ஒடுக்கினேனா என்று தம் கணக்கைத் தாமே திறந்து காட்டுகிறார். பிறரைக் கேட்கச் சொல்ல அவருக்கு இருந்த தகுதி அதுதான்.

பெயர்ப்பொருத்தம் ஒன்றையும் சொல்ல வேண்டும். சவுல் என்ற பெயருக்கு, கேட்டுப் பெறப்பட்டவன் என்று பொருள். எபிரேயத்தில் வேண்டிக் கேட்பதற்கும் காதால் கேட்பதற்கும் வெவ்வேறு வினைகள். தமிழிலோ ஒன்றே. ஜனங்கள் கேட்டு வாங்கிய அரசன், கேட்க வேண்டியதைக் கேளாமல் கெட்டான் என்று தமிழில் சொல்லும்போது கதையின் துயரம் கூடுகிறது.

இந்த அதிகாரத்தில் எனக்குத் தீராத சங்கடமும் உண்டு. கொல்லச் சொன்னவர்களில் பால்குடிப் பிள்ளைகளும் அடக்கம். கீழ்ப்படிதல் ஒன்றே அறம் என்றால் இதற்கு மேல் பேச இடமில்லை. ஆனால் ஆதியாகமம் 18ஆம் அதிகாரத்தில், சோதோமுக்காக ஆபிரகாம் ஐம்பதில் தொடங்கிப் பத்து நீதிமான்கள் வரை இறங்கி இறங்கிக் கேட்கிறார். இறைவன் ஒவ்வொரு முறையும் பதில் சொல்கிறார்; எதிர்த்துக் கேட்டதற்காக அவரைத் தள்ளவில்லை. இறைவன் சொல்லைக் கேட்பவன், இறைவனிடமே கேட்கவும் செய்கிறான். இரண்டும் சேர்ந்ததே விசுவாசம் என்பது என் துணிபு.

ஆச்சியின் இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே அந்த இடம் இருக்கிறது. சொன்னதைக் கேள், கேட்காமல் எடுக்காதே. அன்று அந்த அக்காவோடு நானும் எழுந்து கேட்டிருக்க வேண்டும்.