நாகசுரம் பயின்ற ஜாஸ் ஆசிரியர்

ஜாஸ் என்றதும் ஆட்ட அரங்கின் ஆரவாரம் என ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. யானும் அவ்வாறு ஒதுக்கியவனே. சார்லி மரியானோவின் இசைத்தட்டுகள் அக்கருத்தை மாற்றின.

1923இல் பாஸ்டன் நகரில் பிறந்த இவர், ஸ்டான் கென்டனின் குழுவில் ஆல்ட்டோ சாக்சபோன் வாசித்துப் பெயர் பெற்றார். சார்லஸ் மிங்கஸ் 1963இல் வெளியிட்ட புகழ்பெற்ற இசைத்தட்டிலும் இவர் வாசிப்பு உண்டு. பெர்க்லி இசைப்பள்ளியில் ஆசிரியராகவும் விளங்கினார். இத்தகையவர் 1960களின் பிற்பகுதியில் மலேசிய வானொலி இசைக்குழுவுக்குப் பயிற்சியளிக்கக் கோலாலம்பூர் வந்தார். வந்த இடத்தில் நாகசுரம் அவரை ஆட்கொண்டது. பின்னர் தென்னிந்தியா சென்று முறையாகவே பயின்றார். அப்போது அவருக்கு வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். ஐம்பதைக் கடந்தும் ஒரு புதுப் பாடம் தொடங்கத் தயங்கும் என் போன்ற ஆசிரியர்க்கு இது சற்றே உறைக்கும் செய்தி.

'வெள்ளையரே நம் வாத்தியத்தை மெச்சினார்' என மார்தட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. எவ்வளவு தூரம் கற்றார் என்பதே கேள்வி. சாக்சபோனில் சாவிகள் சுரத்தை வகுத்துத் தருகின்றன. நாகசுரத்திலோ ஏழு விரல்துளைகளே, சாவி கிடையாது. இடைப்பட்ட சுரங்களும் கமகங்களும் விரலோடு உதடும் மூச்சும் சீவாளியை ஆளும் திறத்தில் பிறக்க வேண்டும். சிறுவயது முதல் சாதகம் செய்தவர்க்கே எளிதில் பிடிபடாத வித்தை அது.

1975இல் பதிவான எபர்ஹார்ட் வேபரின் 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' தட்டில் மரியானோ ஷெனாயும் நாகசுரமும் வாசிக்கிறார். இராகத்தைப் படிப்படியாக விரிக்கும் ஆலாபனையை அதில் தேடுவோர் ஏமாறுவர். வாத்தியத்தின் நிறமே அங்கு வேண்டப்பட்டது. ரெக்கார்டர் பழகும் எம் ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கு அதனை ஒலிக்கவிட்டேன். "சார், கோயில் மேளம் மாதிரியே இருக்கு, ஆனா கோயில் இல்லே," என்றான் ஒருவன். அதனினும் சரியான விமர்சனத்தை யான் எழுதிவிட முடியாது. (எம் வட்டாரக் கோயில் ஒன்றில் மேளமே இப்போது ஒலிபெருக்கியிலிருந்துதான் வருகிறது என்பது வேறு கதை.)

1983இல், அறுபதை நெருங்கிய வயதில், பெங்களூரின் கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரிக் குழுவுடன் 'ஜோதி' என்னும் தட்டைப் பதிவு செய்தார். இராமமணி பாட, டி.ஏ.எஸ். மணி மிருதங்கம் வாசிக்கிறார். வியப்பு என்னவெனில், ஐரோப்பியர் நடுவே நாகசுரம் எடுத்தவர், கர்நாடக இசைவாணர் நடுவே அதனை வைத்துவிட்டுச் சாக்சபோனையும் புல்லாங்குழலையும் கைக்கொண்டார். இதைப் பின்வாங்கல் என்று சிலர் கருதலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுரத்திலிருந்து சுரத்துக்குத் தாவாமல் வழுக்கிச் செல்லும் அந்தப் பிடிகளில் நாகசுரப் பயிற்சி கேட்கிறது. கற்றது ஓரிடம், பயன்பட்டது வேறிடம்; வகுப்பறையில் நாம் நாளும் காண்பதுதான்.

2009இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் காலமானார். புதிதாய்க் கேட்க விழையும் அன்பர்கள் 'ஜோதி'யிலிருந்து தொடங்குக, மற்றது பிறகு.