அரிசி, பட்டாணி, முட்டை

மளிகைச் சீட்டு அல்ல, நிலக்கரியின் பெயர்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து வடகிழக்கில் தோண்டியெடுக்கும் ஆந்த்ரசைட் என்ற கெட்டிக் கரியைச் சலித்து, துண்டின் பருமனுக்கேற்ப இப்படித்தான் அழைக்கிறார்கள். அரிசிக் கரி தானாக ஊட்டிக்கொள்ளும் இயந்திர அடுப்புக்கு. கையால் அள்ளிப் போடும் அடுப்புக்குப் பட்டாணி, அல்லது அதைவிடப் பெரிய செஸ்ட்நட்.

இலையுதிர்காலக் குளிர் வந்ததும் அடுப்பு மூட்டுவார்கள். லேசில் பற்றாது இந்தக் கரி. கனன்ற விறகின்மேல் கொஞ்சம், அது பிடித்தபின் இன்னும் கொஞ்சம். காற்று கீழிருந்து, கம்பித் தட்டின் வழியே ஏற வேண்டும். துருத்தி இல்லாமலே வீட்டுக் கணப்பில் இது எரியும் என்று வில்க்ஸ்-பார் ஊரில் ஜெஸ்ஸி ஃபெல் காட்டியது 1808 பிப்ரவரியில்.

பிடித்துவிட்டால் புகையே இல்லை எனலாம். கருந்துண்டுகளின்மேல் நீலச் சுடர்கள் நடமாடும். அதைப் பார்த்துக்கொண்டே இரவைக் கழிக்கலாம். மேலிருந்து கிளற மட்டும் கூடாது. விறகடுப்பில் பழகிய கைக்கு அதுதான் கஷ்டம். காலையும் இரவும் தட்டைக் குலுக்கி, சாம்பலோடு செந்தணல் உதிரத் தொடங்கியதும் நிறுத்தி, கரியை நிரப்பினால் பன்னிரண்டு மணி நேரம்வரை கவலையில்லை. புகைபோக்கி அடைத்திருந்தால் கவலை உண்டு: கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. எச்சரிக்கை மணி இல்லாமல் இந்த அடுப்பை மூட்டுவது அசட்டுத்தனம்.

சாம்பல் மூடிபோட்ட தகர வாளிக்குப் போகிறது. நன்றாக ஆறியபின், பனி உறைந்து வழுக்கும் வாசல் பாதையில் தூவுகிறார்கள்.