சாஸ்திரியாரின் கடிதங்கள்

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1935 முதல் 1940 வரை துணைவேந்தராக இருந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியைப் பேச்சாளர் என்றே பலரும் நினைப்பார்கள். எனக்கு அவர் முதலில் கடிதக்காரர். தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் ஏஜென்டாக அவர் 1927-இல் போனார்; போகச் சொல்லி வற்புறுத்தியவர்களில் ஒருவர் காந்தி. ஒத்துழையாமையை எதிர்த்தவர் சாஸ்திரி. ஆனாலும் கடிதங்களில் காந்தி அவரைச் சகோதரர் என்றே விளித்தார். சாஸ்திரிதான் மூத்தவர், பத்தே நாள் வித்தியாசத்தில்! அந்தக் கடிதங்களின் அழகு, கருத்து வேறுபாட்டை மழுப்பாமல் உறவையும் அறுக்காமல் எழுதிய கைத்திறத்தில் இருக்கிறது. மாறுபடும் இடத்தைத் தெளிவாகச் சொல்ல நல்ல உரைநடை வேண்டும். கோபத்துக்கு அது தேவையில்லை.

வெள்ளை அரசிடம் குழைந்தவரின் நாகரிகம்தானே இது என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு: இந்திய, தென்னாப்பிரிக்க அரசுகள் செய்துகொண்ட, அவர் காப்பாற்றப் போன 1927 கேப்டவுன் ஒப்பந்தத்திலேயே அங்கிருந்த இந்தியர்களைத் தாயகம் அனுப்பும் ஏற்பாடும் இருந்தது. ஆனால் இந்தியர்களின் கல்வியை உயர்த்தும் வாக்குறுதியும் அதில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவர் நிதி திரட்டினார். டர்பனில் சாஸ்திரி கல்லூரி 1929-இல் திறந்தது. குழைவு மட்டும் கட்டடம் எழுப்பாது. தவிர, காந்திக்கே மறுப்பு எழுதியவரைக் குழைபவர் என்பது பொருந்தவில்லை. அந்த மறுப்பு உறவை அறுக்கவும் இல்லை: 1946 ஜனவரியில் சென்னை மருத்துவமனையில் படுத்திருந்த சாஸ்திரியைக் காந்தி நேரில் போய்ப் பார்த்தார்.