பெருந்தச்சன் என்றொரு வரி

குஞ்சரமல்லனின் வாழ்க்கை வரலாறு, 1010இல் கலசம் ஏறிய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில் ஒரே வரி. 'ராஜராஜப் பெருந்தச்சன்' என்ற பட்டமும் அரசன் பேர்தான். படைத்தவன் மேல் உடையவன் போட்ட முத்திரை. இவனைத் தனிமேதையாக்கி மேடையில் கொண்டாடுகிறவர்கள் அந்தப் பட்டியலை முழுசா வாசிப்பதில்லை என்றே நினைக்கிறேன். அதில் கணக்கர், தையற்காரர், நாவிதர் எல்லாரோடும்தான் இவனும் நிற்கிறான். எல்லாருக்கும் கூலி நெல்லுதான். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கோ பேர், தெருச் சிறகு, எத்தனையாவது வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல் என எல்லாம் பதிவாகியிருக்கிறது. நகர அமைப்பு என்று நாம் வியப்பது, யாரை எங்கே குடிவைப்பது என்ற இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான். காவிரி வண்டலில் கருங்கல் ஏது? வெளியேயிருந்து அதை இழுத்து வந்தவங்க பேர் எந்தச் சுவரில் இருக்கு?